வியோலெட்டா பார்ரா: தொலைவிலிருந்து கேட்ட தாயகம்

ஒரு நாட்டின் குரல் என்று ஒரு பாடகரைக் குறிப்பிடும்போது, அவர் அந்த மண்ணைவிட்டு நீங்காதவர் என்ற எண்ணமும் கேளாமலே உடன்வந்துவிடுகிறது. வேர், மண், மணம் ஆகிய சொற்களை நாம் நாட்டார் மரபைப் பேசும்போது மிகத் தாராளமாகவே செலவிடுகிறோம். சிலி நாட்டின் பாடகியும் பாடலாசிரியருமான வியோலெட்டா பார்ராவின் வாழ்க்கை வரலாறு இந்தச் சொற்களைச் சற்று நிதானமாகப் பயன்படுத்தும்படி நம்மைக் கேட்டுக்கொள்கிறது. சிலியின் குரல் என்று இன்று உலகமே ஒப்புக்கொள்ளும் அவரது முக்கியமான பாடல்களில் சில பாரிஸில் எழுதப்பட்டவை. அவர் இறுதிக் காலத்தில் கையில் ஏந்திய வாத்தியங்களுள் ஒன்று வெனிசுவேலாவுடையது, மற்றொன்று ஆண்டீஸ் மலைநாட்டுடையது. அவரது புகழின் பெரும்பகுதியைக் கொண்டுசேர்த்தவர்களோ நாடிழந்து அலைந்த மனிதர்கள்.

தமிழ்ச் சிற்றிதழ்களின் வழியே பாப்லோ நெரூடாவை நாம் அறிவோம். 1954-இல் வெளியான கவிதைத் தொகுப்பின் மூலம் எதிர்கவிதை என்ற கருத்தை முன்வைத்த நிக்கனோர் பார்ராவும் நமக்குப் புதியவர் அல்லர். வியோலெட்டா அந்த நிக்கனோரின் தங்கை. ஆனால் அண்ணனின் நிழலில் வைத்துப் பார்க்கவேண்டிய ஆளுமை அல்ல அவர். நிக்கனோர் ஏட்டில் செய்ததற்கு நிகரான ஒன்றை அவர் குரலிலும் நரம்பிலும் செய்தார்.

ஊர்விட்டு ஊர்

வியோலெட்டா 1917 அக்டோபர் 4 அன்று, சிலியின் நடுத் தென்பகுதியான ஞூப்லே வட்டாரத்தில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர், இசை கற்பித்தவர். தாய் கிளாரிசா சந்தோவால் உழவர் குடியிலிருந்து வந்தவர், தையல்வேலை செய்தவர், நாட்டார் பாடல்கள் பல அறிந்தவர். 1920-களின் இறுதியில் தந்தை வேலையிழந்தார். குடியும் நோயும் சேர்ந்துகொண்டன. சில ஆண்டுகளில் இறந்தும்போனார். பிள்ளைகள் உணவகங்களிலும் ரயில்களிலும் சர்க்கஸ் கூடாரங்களிலும் பாடிக் காசு சேர்க்கவேண்டியதாயிற்று. 1932 வாக்கில், அண்ணன் ஏற்கெனவே சென்று படித்துக்கொண்டிருந்த தலைநகர் சாந்தியாகோவுக்கு வியோலெட்டாவும் வந்துசேர்ந்தார். அவருடைய முதல் இடப்பெயர்வு இதுவே. நாடு மாறவில்லை, ஆனால் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த பெண்ணுக்கு அது வேறொரு நாடுதான்.

நகரத்தில் அவர் முதலில் பாடியவை சிலியின் பாடல்கள் மட்டும் அல்ல. அக்கா ஹில்டாவுடன் மதுவிடுதிகளில் பொலேரோக்களும் மெக்சிகோவின் பாடல்களும் கேட்பவர் விரும்பிய பிறவும் பாடினார். 1940-களில் ஸ்பானிய உடையணிந்து, ‘வியோலெட்டா தே மாயோ’ என்ற மேடைப்பெயரில் ஸ்பெயின் நாட்டுப் பாடல்களைப் பாடி ஆடினார். அவற்றுக்காகப் பரிசும் பெற்றார். தன் நாட்டின் பாடலுக்கு வந்துசேர்வதற்கு முன் அவர் பிறநாட்டுப் பாடல்களின் வழியாகக் கடந்துவர நேர்ந்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. அவரை விற்பனைப் பொருளாக்கிய அந்த மேடைகள் அவருக்கு ஒன்றையும் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்: ஒரு பாடலை அதன் நாட்டிலிருந்து பிரித்து எடுத்துச்செல்ல முடியும், ஆனால் அப்படி எடுத்துச்செல்லும்போது அதில் ஏதோ ஒன்று உடையாகவும் ஒப்பனையாகவும் மாறிவிடுகிறது.

அன்று சிலியின் ‘நாட்டுப்புற இசை’ என்று வானொலியில் ஒலித்ததும் ஒப்பனையோடு கூடியதே. 1927-இல் தோன்றிய ‘நான்கு ஹுவாசோக்கள்’ போன்ற குழுக்கள் பண்ணையாரின் குதிரைவீரர் உடையணிந்து, நயமான கூட்டுக்குரலில், நாட்டுப்புறத்தை ஓர் அழகிய நிலக்காட்சியாகப் பாடின. அந்தப் பாடல்களில் ஆறும் வயலும் குடிசையும் உண்டு. குடிசையில் வாழ்பவரின் பசி இல்லை. நாட்டார் இசை என்ற பெயரில் நிலவுடைமையாளரின் நினைவேக்கம் பாடப்பட்டது என்றால் அது மிகையல்ல.

இருபத்தைந்து நரம்புகள்

1952, 1953 ஆண்டுகளில் ஒரு திருப்பம் நேர்ந்தது. மக்கள் கவிதை மரபில் ஆர்வம் கொண்டிருந்த நிக்கனோர், மறைந்துகொண்டிருக்கும் பாடல்களைத் தேடிச் சேகரிக்குமாறு தங்கையைத் தூண்டினார். வியோலெட்டா முதலில் ஏட்டுடனும் கிதாருடனும், பின்னர் ஒலிப்பதிவுக் கருவியுடனும் கிராமங்களுக்குச் செல்லத் தொடங்கினார். பல்கலைக்கழகப் பட்டம் அவரிடம் இல்லை. ஆனால் முதியவர்களின் வீட்டு அடுக்களையில் அமர்ந்து பேசும் உரிமை இருந்தது. அதைப் பிறப்பும் வறுமையும் சேர்ந்து அவருக்கு வழங்கியிருந்தன.

மருத்துவச்சியும் பாடகியுமான ரோசா லோர்காவிடம் பாடல்களைக் கேட்டார். சாந்தியாகோவுக்குத் தெற்கே புவெந்தே ஆல்தோ, பிர்க்கே பகுதிகளில் வாழ்ந்த முதிய பாடகர்களிடம் ‘கிதார்ரோன்’ என்னும் அரிய வாத்தியத்தைக் கண்டார். இருபத்தைந்து நரம்புகள் கொண்டது அது. கழுத்தின் வழியே செல்லும் இருபத்தொன்றுக்கு அப்பால், உடலின் இருபக்கமும் ஒட்டிநிற்கும் நான்கு குறுநரம்புகளுக்குக் ‘குட்டிப் பிசாசுகள்’ என்று பெயர். இசாயியாஸ் அங்குலோ என்ற முதியவரிடம் அதை வாசிக்கக் கற்றுக்கொண்டார். தெய்வத்தைப் பற்றியும் மானிட வாழ்வைப் பற்றியும் செய்யுள் கட்டிப் பாடும் அந்த மரபு பெரும்பாலும் ஆண்களுடையதாகவே இருந்துவந்தது. பெண்களுக்கு விடப்பட்டவை காதல் பாடல்களும் நடனப் பாடல்களும். வியோலெட்டா அந்த வேலியைத் தாண்டியதை யாரிடமும் அறிவிக்கவில்லை. வாத்தியத்தை எடுத்து வாசித்தார், அவ்வளவே.

அந்த மரபின் செய்யுள் வடிவம் ‘தேசிமா’. எட்டு அசைகள் கொண்ட பத்து அடிகள், இயைபுத்தொடையின் கறாரான ஓர் ஒழுங்கு. இந்த வடிவத்தை நிலைப்படுத்தியவராகச் சொல்லப்படுபவர் விசெந்தே எஸ்பினெல் என்ற ஸ்பானியக் கவிஞர். அவருடைய தொகுப்பு 1591-இல் வெளியானது. ஸ்பெயினின் எழுத்துக் கவிதை கடல் கடந்துவந்து, அங்கே அது வழக்கொழிந்த பின்னும், சிலியின் எழுத்தறியா உழவர்களின் நினைவில் உயிரோடு இருந்தது. வியோலெட்டா மண்ணைத் தோண்டி எடுத்ததும் ஒரு பயணியைத்தான் என்று நாம் சொல்லலாம்.

1954-இல் வானொலியில் ‘வியோலெட்டா பார்ரா பாடுகிறார்’ என்ற நிகழ்ச்சி தொடங்கியது. கிராமத்துப் பெண்ணின் தட்டையான, அதிர்வுகள் இல்லாத, சற்றே கரகரத்த குரல். நயமான கூட்டுக்குரலுக்குப் பழகிய காதுகளுக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. ஆனால் கடிதங்கள் குவிந்தன. 1955-இல் அவ்வாண்டின் சிறந்த நாட்டார் கலைஞருக்கான பரிசு அவருக்குக் கிடைத்தது.

வார்சாவும் ஒரு மரணமும்

அதே ஆண்டில் போலந்தின் வார்சா நகரில் நடந்த உலக இளைஞர் மாணவர் விழாவுக்கு அவர் அழைக்கப்பட்டார். அப்போது அவர் நான்கு பிள்ளைகளின் தாய். முதல் மணத்தில் பிறந்த இசபெலும் ஆங்கெலும் வளர்ந்துவிட்டிருந்தனர். இரண்டாம் மணத்தில் பிறந்த கார்மென் லூயிசா சிறுமி. கடைசிப் பெண் ரோசிதா கிளாரா கைக்குழந்தை. குழந்தையைக் குடும்பத்தாரிடம் விட்டுவிட்டு அவர் கப்பலேறினார். அவர் ஐரோப்பாவில் இருக்கும்போதே, புறப்பட்டுச் சில வாரங்களுக்குள், அந்தக் குழந்தை இறந்துபோனது.

இந்த நிகழ்வின் கனத்தை உணர ஒரு மரபை நாம் அறிந்திருக்க வேண்டும். வியோலெட்டா கிராமங்களில் சேகரித்தவற்றுள் ‘குட்டித் தேவதையின் இரவு’ எனத்தக்க சடங்கின் பாடல்கள் முக்கியமானவை. சிலியின் கிராமங்களில் குழந்தை இறந்தால் அதற்கு வெள்ளுடை அணிவித்து, சிறகுகள் பொருத்தி, பூக்களுக்கு நடுவே அமர்த்திவைப்பார்கள். பாவமறியாத உயிர் நேரே வானுலகம் செல்கிறது என்பது நம்பிக்கை. பாடகர்கள் விடியும்வரை பாடுவார்கள். இரவின் இறுதியில் பாடப்படும் விடைபெறும் பாடல் குழந்தையின் குரலிலேயே அமையும். தாயே, அழாதே, உன் கண்ணீர் என் சிறகை நனைத்தால் என்னால் பறக்க இயலாது என்ற பொருளில் அது தாயைத் தேற்றும்.

பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கான அந்தப் பாடல்களைச் சேகரித்துப் பாதுகாத்தவர், தன் குழந்தையின் இரவில் அங்கே இல்லை. கடலுக்கு அப்பால் இருந்தார். செய்தி அறிந்த பின்னும் உடனே திரும்பாமல், ஓராண்டுக்கும் மேலாக ஐரோப்பாவில் தங்கினார். சிலியில் இதற்காக அவரைக் குறைகூறியவர்கள் உண்டு. இந்தக் குறைகூறல் ஆண் கலைஞர்களின் பயணங்களுக்கு அருகில் வருவதே இல்லை என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும். ஆயினும் வியோலெட்டா தன்னை எளிதில் மன்னித்துக்கொண்டவராகத் தெரியவில்லை. தேசிமா வடிவில் அவர் எழுதிய தன்வரலாற்றில் அந்த இழப்பு ஆறாத புண்ணாக இருக்கிறது. இறந்த மகளுக்காக ஒரு பாடலும் புனைந்தார். இறப்பதற்கு முந்தைய ஆண்டில் வெளியிட்ட இசைத்தட்டிலும் குட்டித் தேவதையைப் பற்றிய பாடல் ஒன்று உண்டு. சேகரிப்பாளர் பாடலாசிரியராக மாறிய இடங்களுள் இது முதன்மையானது என நாம் கருதுகிறோம். மரபு அவருக்கு ஒரு வடிவத்தைக் கொடுத்திருந்தது. பயணம் அந்த வடிவத்துக்குள் அவரையே கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

பாரிஸில் அவர் இலத்தீன் வட்டாரத்தின் ‘லெஸ்கால்’ என்ற சிறு மதுக்கூடத்தில் இரவுகளில் பாடினார். ‘ல ஷான் து மோந்த்’ நிறுவனத்துக்காகச் சிலியின் பாடல்களைப் பதிவுசெய்தார். அவர் சேகரித்தவை அங்கேயுள்ள ஒலிக்காப்பகத்திலும் இடம்பெற்றன. தன் நாட்டில் எந்த ஆய்வு நிறுவனமும் முழுமையாக ஏற்றுக்கொள்ளாத ஒரு கிராமத்துப் பெண்ணின் குரல், பாரிஸில் ஓர் ஆவணமாக மதிக்கப்பட்டது. இக்காலத்தில் அவர் எழுதிய ‘இங்கில்லாத வியோலெட்டா’ என்ற பாடல், ஏன்தான் ஊரைவிட்டு வந்தேனோ என்ற ஏக்கத்தை நடனத் தாளத்தில் சொல்வது. தன் பெயரையே தலைப்பில் வைத்து, அதனருகிலேயே இல்லாமையையும் வைத்த பாடல். கிராமத்தில் பிறர் பாடலைக் கேட்டவர், பாரிஸில் தன் குரலையே தொலைவிலிருந்து கேட்கத் தொடங்கியிருந்தார்.

பாரிஸில் பிறந்த ஆண்டீஸ்

1956 இறுதியில் நாடு திரும்பியவர் ஓய்ந்திருக்கவில்லை. கன்செப்சியோன் பல்கலைக்கழகத்தின் துணையுடன் தெற்கில் சேகரிப்பைத் தொடர்ந்தார். நாட்டார் கலைக்கான அருங்காட்சியகம் ஒன்றை நிறுவினார். சிலியின் பூர்வகுடிகளான மப்பூச்சே மக்களின் பாடகர்களிடம் சென்று பதிவுசெய்தார். 1959-இல் தெற்கிலுள்ள தீவான சிலோவேக்குப் போய் அங்குள்ள நடனங்களைக் கற்றார். அவ்வாண்டு மஞ்சள்காமாலையால் படுக்கையில் கிடக்க நேர்ந்தபோது, சாக்குத்துணியில் கம்பளி நூலால் சித்திரம் தைக்கத் தொடங்கினார். ‘அர்பியேரா’ என்று அழைக்கப்படும் அந்தத் தையல் ஓவியங்கள் அவரது பாடல்களின் மறுபக்கம் எனலாம். 1960-இல் சிலிக்கு வந்த சுவிஸ் இசைக்கலைஞர் கில்பெர்ட் ஃபாவ்ரேயைச் சந்தித்தார். வியோலெட்டாவின் வாழ்வில் பெரும் காதலாக அமைந்தது அந்த உறவு.

1961-இல் அர்ஜெண்டீனா. 1962-இல் ஹெல்சிங்கி இளைஞர் விழா. பிறகு மீண்டும் பாரிஸ், இடையிடையே ஜெனீவா. இம்முறை இசபெலும் ஆங்கெலும் உடன் இருந்தனர். 1965 வரை நீடித்த இந்த இரண்டாம் ஐரோப்பிய வாழ்வில்தான் இலத்தீன் அமெரிக்க இசை வரலாற்றின் ஒரு விந்தையை நாம் காண்கிறோம்.

ஆண்டீஸ் மலையின் மூங்கில் குழலான குவெனாவும், ஐந்து இணைகளாகப் பத்து நரம்புகள் கொண்ட சிறுவாத்தியமான சரங்கோவும் சேர்ந்து ஒலித்தால் அது தொன்மையான மலைநாட்டு இசை என்று நாம் நினைத்துவிடுகிறோம். ஆனால் கிதாரும் குவெனாவும் சரங்கோவும் பெரும் தோல்முரசும் சேர்ந்த அந்தக் குழுவடிவம் உலகெங்கும் பரவுவதற்குப் பாரிஸின் மதுக்கூடங்களும் ஒரு முக்கியக் காரணம். 1956-இல் அந்நகரில் உருவான ‘லோஸ் இன்காஸ்’ குழுவைத் தொடங்கியவர்கள் அர்ஜெண்டீனரும் வெனிசுவேலரும். இன்காக்களின் பெயரைச் சூடிய அவர்களுள் எவரும் இன்காக்களின் மலையில் பிறந்தவரல்லர். தத்தம் நாட்டில் ஒருவரையொருவர் அறிந்திராத இசைகள், தொலைதூர நகரமொன்றின் நிலவறையில் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டபோது, இலத்தீன் அமெரிக்கா என்ற பொது உணர்வு செவிக்குப் புலனாகும் ஒன்றாயிற்று.

பார்ரா குடும்பத்தினர் அந்த ஒலியுலகின் நடுவே வாழ்ந்தனர். இசபெலும் ஆங்கெலும் நாடு திரும்பி, 1965-இல் சாந்தியாகோவின் கார்மென் தெருவில் ‘பார்ராக்களின் பெஞ்ஞா’ என்ற இசைக்கூடத்தைத் திறந்தனர். பாரிஸ் மதுக்கூடத்தின் நெருக்கமும் சிலியின் கிராமத்துப் பாடலும் கலந்த இடம் அது. விக்தோர் ஹாரா அங்கே பாடினார். ‘புதிய பாடல்’ என்று வரலாற்றில் பெயர்பெற்ற இயக்கத்தின் பிறப்பிடங்களுள் ஒன்றாக அதைக் கொள்வர்.

வியோலெட்டாவின் பாடலாக்கத்திலும் இக்காலத்தில் ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். 1962 நவம்பரில் சாந்தியாகோவின் ஏழைக் குடியிருப்பான ஹொசே மரியா காரோவில் வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் பலியாயின. ‘கடிதம்’ என்ற பாடல், சகோதரர் ரொபெர்த்தோ கைதான செய்தியை அயல்நாட்டில் இருப்பவருக்குக் கடிதம் கொண்டுவருவதாகத் தொடங்குகிறது. அப்பாடலின் கோபம் தெருவில் நிற்பவரின் கோபம் அல்ல. நாள்கள் கடந்து வந்துசேரும் செய்தியைப் படித்து, ஒன்றும் செய்ய இயலாமல், கிதாரை எடுப்பவரின் கோபம். புலம்பெயர்ந்து வாழும் எவரும் அந்தக் காலதாமதத்தின் வலியை அடையாளம் காண்பர். 1963 ஏப்ரலில் ஸ்பெயினின் பிராங்கோ அரசு கம்யூனிஸ்ட் தலைவர் ஹுலியான் கிரிமாவுக்கு மரணதண்டனை நிறைவேற்றியதைக் கண்டித்தும் அவர் ஒரு பாடல் எழுதினார். சிலியின் வடக்குப் பாலைவனச் சுரங்கத் தொழிலாளரின் துயரைப் பற்றிய பாடலைப் பாரிஸில் பதிவுசெய்தார். பிறர் பாடல்களைக் கொண்டுவந்து காட்டும் தூதராக முதன்முறை ஐரோப்பா வந்தவர், இம்முறை தன் பெயரில் பேசும் சாட்சியாக நின்றார்.

1964 ஏப்ரலில், லூவர் அரண்மனையின் மார்சான் மண்டபத்தில் உள்ள அலங்காரக் கலைகள் அருங்காட்சியகத்தில் அவரது சாக்குத்துணிச் சித்திரங்களும் ஓவியங்களும் கம்பிச் சிற்பங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன. இலத்தீன் அமெரிக்கப் பெண் கலைஞர் ஒருவருக்கு அங்கே தனிக்காட்சி கிடைத்தது அதுவே முதன்முறை என்பர். 1965-இல் அவர் சேகரித்த பாடல்களும் எழுதியவையும் அடங்கிய ‘ஆண்டீஸின் மக்கள் கவிதை’ என்ற நூல் மாஸ்பேரோ பதிப்பகத்தால் பாரிஸில் வெளியிடப்பட்டது. அதே ஆண்டு சுவிஸ் தொலைக்காட்சி அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தது.

கூடாரம்

இத்தனை மதிப்பையும் சுமந்துகொண்டு 1965-இல் நாடு திரும்பிய வியோலெட்டா, சாந்தியாகோவின் ஓரத்தில் இருந்த லா ரெய்னா பகுதியில் அவ்வாண்டு டிசம்பரில் ஒரு பெரும் சர்க்கஸ் கூடாரத்தை எழுப்பினார். நாட்டார் கலைகளின் பல்கலைக்கழகமாக அது வளரவேண்டும் என்பது அவரது கனவு. பாடலும் நடனமும் கைவினையும் அங்கே கற்பிக்கப்படவேண்டும். வருபவர்கள் அடுப்பைச் சுற்றி அமர்ந்து உண்டபடி பாட்டுக் கேட்கவேண்டும்.

கனவு பெரிது, நகரத்திலிருந்து கூடாரம் இருந்த தொலைவும் பெரிது. குளிர்காலத்தில் மழையும் காற்றும் கூடாரத்தைப் படுத்தின. நூற்றுக்கணக்கானோர் அமரத்தக்க இடத்தில் ஒரு சிலரே வந்த இரவுகள் பல. பிள்ளைகளின் இசைக்கூடம் நகரின் நடுவே இளைஞர்களால் நிரம்பி வழிந்தபோது, அந்த ஓசைக்கு மூலமாக இருந்தவர் நகரின் விளிம்பில் காத்திருந்தார். பாரிஸில் சிலியாக இருந்தவர் சிலியில் ஒரு விசித்திரமான பெண்ணாக மட்டுமே பார்க்கப்பட்டார் என்றுகூடத் தோன்றுகிறது. நீண்டகாலம் அயலில் வாழ்ந்து திரும்புவோர் பலருக்கும் நேர்வது இது. அவர்கள் மனத்தில் சுமந்து திரும்பும் நாடு, இறங்கும் துறைமுகத்தில் இருப்பதில்லை.

ஃபாவ்ரே பொலிவியாவுக்குப் போய்விட்டார். 1966-இல் லா பாஸ் நகரில் எர்னெஸ்தோ கவூர் முதலியோருடன் ‘லோஸ் ஹைராஸ்’ குழுவை உருவாக்கினார். குவெனா வாசிக்கும் ஒரு சுவிட்சர்லாந்துக்காரர் பொலிவிய இசையின் திருப்புமுனைக் குழுவொன்றில் இடம்பெற்றார் என்பது இந்த வரலாற்றின் இன்னொரு விந்தை. வியோலெட்டா அவரைத் தேடி லா பாஸ் சென்றார். பொலிவியக் கலைஞர்களை அழைத்துவந்து தன் கூடாரத்தில் பாடவைத்தார். ஃபாவ்ரே மட்டும் அவர் வாழ்வுக்குத் திரும்பவில்லை. வடக்கே போய்விட்ட ஒருவனைப் பற்றிய புகழ்பெற்ற பாடல் இந்தப் பிரிவிலிருந்து பிறந்தது.

1966-இல் வெளியான ‘கடைசிப் பாடலாக்கங்கள்’ என்ற இசைத்தட்டில் பதினான்கு பாடல்கள் உள்ளன. இசபெலும் ஆங்கெலும் உருகுவாய் நாட்டவரான அல்பெர்த்தோ சபிக்கானும் உடன் பங்கேற்றனர். அந்தத் தட்டை அதன் வாத்தியங்களின் வழியே கேட்டால் ஒரு வரைபடம் விரியும். நான்கு நரம்புகள் கொண்ட குவாத்ரோ வெனிசுவேலாவுடையது. சரங்கோ ஆண்டீஸுடையது. குட்டித் தேவதையின் பாடல் அமைந்த ‘ரின்’ சிலோவே தீவின் நடனம். அந்தப் பெயரே பிரித்தானியத் தீவுகளின் ‘ரீல்’ நடனத்திலிருந்து வந்தது என்பர். போலந்தின் மசூர்க்காவைத் தழுவிய அங்கதப் பாடல் ஒன்று. மழைவேண்டி மப்பூச்சேக்கள் நடத்தும் கியாத்தூன் சடங்கைப் பற்றியது மற்றொன்று. இத்தனையையும் ஒரு குரல் சேர்த்துக் கட்டுகிறது. கேட்பவர் எவரும் அதைச் சிலியின் இசை அல்ல என்று சொல்வதில்லை.

‘வாழ்வுக்கு நன்றி’ என்ற பாடல் அந்தத் தட்டில் உள்ளது. சரங்கோவின் மெல்லிய, ஏறக்குறைய மாறாத மீட்டலின் மேல், கண்களுக்கும் செவிக்கும் சொல்லுக்கும் நடந்து களைத்த கால்களுக்கும் அது நன்றி சொல்கிறது. 1967 பிப்ரவரி 5 அன்று வியோலெட்டா தன் கூடாரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது நாற்பத்தொன்பது. பாடலையும் அந்த மரணத்தையும் அருகருகே வைத்து, நன்றி என்பதற்கு விடைபெறுதல் என்று பொருள்கொள்வோர் உண்டு. நாம் அப்படிப் படிக்கத் தயங்குகிறோம். அதே தட்டில் வானையும் மண்ணையும் அனைத்தையும் சபிக்கும் பாடலும் இருக்கிறது. நன்றியும் சாபமும் ஒரே ஆண்டில், ஒரே மனத்திலிருந்து, ஒன்றையொன்று ரத்துசெய்யாமல் வந்தன. ஒருவருடைய மரணத்தை அவர் பாடலின் உரையாக்குவது பாடலுக்கும் நியாயமன்று, மனிதருக்கும் நியாயமன்று.

பாடல் புறப்பட்டுப் போனது

அவர் இறந்த பின்னும் பயணம் நிற்கவில்லை, பாடல்கள் பயணப்பட்டன. 1970-இல் தேசிமாத் தன்வரலாறு நூலாக வெளிவந்தது. நெரூடா அவரைப் பற்றிக் கவிதை எழுதினார். 1971-இல் அர்ஜெண்டீனாவின் மெர்செதஸ் சோசா அவரது பாடல்களை மட்டுமே கொண்ட இசைத்தட்டை வெளியிட்டார்.

1973 செப்டம்பர் 11 அன்று இராணுவம் சல்வதோர் அயெந்தேயின் அரசைக் கவிழ்த்தது. விக்தோர் ஹாரா சில நாள்களில் கொல்லப்பட்டார். ஆங்கெல் பார்ரா வடக்குப் பாலைவனத்தில் கைவிடப்பட்ட வெடியுப்பு நகரான சக்கபூக்கோவில் அடைத்துவைக்கப்பட்டார். அந்தப் பாலைவனத் தொழிலாளரின் துயரைத் தாய் பாடியிருந்தார். அதே வெயிலின் கீழ் மகன் கைதியாக நின்றார். விடுதலைக்குப் பின் அவர் மெக்சிகோவுக்கும் பிறகு பிரான்சுக்கும் சென்றார். இசபெலும் நாட்டைவிட்டு வெளியேறினார். இத்தாலியில் பயணத்தில் இருந்த ‘இந்தி-இயிமானி’ குழு 1988 வரை திரும்ப இயலவில்லை. ‘கிலாபாயுன்’ பிரான்சில் தங்கியது. குவெனாவும் சரங்கோவும் ஆட்சியாளரின் காதில் எதிர்ப்பின் ஒலியாகவே விழுந்தன.

வியோலெட்டா தானே விரும்பி மேற்கொண்ட பயணத்தின் பாடல்கள், விருப்பமின்றித் துரத்தப்பட்டவர்களின் துணையாயின. ஏக்கத்தைச் சொல்ல அவர்களுக்கு ஒரு மொழி ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் பாரிஸின் நிலவறையில் ஒருவர் அதை உருவாக்கிவைத்திருந்தார். 1974-இல் அமெரிக்கப் பாடகி ஜோன் பயேஸ் ‘வாழ்வுக்கு நன்றி’ என்பதையே தலைப்பாகக் கொண்டு ஸ்பானிய இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார். நாட்டுக்குள்ளோ, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவியரும் தேவாலயத்தின் பாதுகாப்பில் அமர்ந்து, துணித்துண்டுகளில் தம் கதையைத் தைத்தனர். அந்த அர்பியேராக்கள் இரகசியமாக நாடு கடந்தன. நோய்ப்படுக்கையில் ஒரு பெண் தைத்த தையல் அவற்றுக்கு முன்னோடியாக இருந்தது.

2015-இல் சாந்தியாகோவில் அவருக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில், நாட்டை உலுக்கிய போராட்டங்களின் காலத்தில், அந்தக் கட்டடம் தீக்கிரையாயிற்று. கலைப்பொருள்கள் அதற்கு முன்பே வேறிடத்துக்கு எடுத்துச்செல்லப்பட்டிருந்ததால் தப்பின. இடம்பெயர்ந்ததால் பிழைத்தன என்றும் சொல்லலாம்.

இந்த வரலாற்றிலிருந்து, பயணம் செய்தால் கலை வளரும் என்ற எளிய நீதியை நாம் எடுத்துக்கொள்ள இயலாது. ஒரு குழந்தையின் கடைசி இரவு அந்தப் பயணத்தின் விலையில் அடங்கியிருக்கிறது; திரும்பிவந்த நாட்டில் காலியாகக் கிடந்த கூடாரமும் அடங்கியிருக்கிறது. நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: தூய்மையான மண்ணிசை என்று ஒன்றைத் தேடிப் போனவர், தேசிமாவிலும் ரின்னிலும் கிதாரிலும் கடல்கடந்து வந்தவற்றையே கண்டார், அதனால் மனம் சோராமல், தானும் அந்த வரிசையில் ஒருவராகச் சேர்ந்துகொண்டார். அந்தக் கடைசி இசைத்தட்டின் பதினான்கு பாடல்களையும் வாசகர்கள் ஒருமுறை வரிசையாகக் கேட்கவேண்டும். மொழி தெரியாவிட்டாலும் குறையில்லை. பாடல்களின் நடுவே எத்தனை துறைமுகங்கள் கடந்துபோகின்றன என்பதைக் காதே எண்ணிக்கொள்ளும்.